செவ்வாய்க்கிழமைக் கையெழுத்து

என் பொறுப்பில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு செல்போன்கள் இருக்கின்றன. ஒன்றுகூட என்னுடையது இல்லை. அத்தனைக்கும் தினமும் சார்ஜ் போட்டாக வேண்டும்.

இருபத்தெட்டு வருஷம் போலீஸ் வேலை பார்த்து, முட்டி தேய்ந்து, ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கும்போது என்னைச் செயலித் தடைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கோவில்பட்டிக்கு வெளியே மூடிப்போன தீப்பெட்டி ஆலை ஒன்றின் கிடங்கு. பிடிபட்ட போன்களை வழக்கு முடியும்வரை தொண்டிப் பொருளாக வைத்திருக்கும் இடம். ஏட்டு ஜெகஜோதி இனி உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம் என்றார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதை யாரும் கேட்கவில்லை.

தடை செய்யப்பட்ட செயலியின் பெயர் சிட்டு. அது ஏன் தடை செய்யப்பட்டது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சந்தைக்குப் போர்வை விற்க வந்த மூன்று பேரைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று யாரோ சிட்டில் போட்டுவிட்டார்கள். நான் அன்றைக்கு அங்கே பந்தோபஸ்து. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேர் செத்துப் போயிருந்தார்கள். மூன்றாமவன் என் மடியில் படுத்துக்கொண்டு ஏதோ ஒரு பாஷையில் தண்ணீர் கேட்டான். தடை வந்தபோது நல்லதாயிற்று என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் தடை போட்டதும் சிட்டு வேறு மாதிரி ஆகிவிட்டது. இன்டர்நெட்டே இல்லாமல், ஒரு போனிலிருந்து பக்கத்துப் போனுக்கு, அங்கிருந்து அடுத்த போனுக்கு என்று செய்திகளைக் கடத்தக் கற்றுக்கொண்டது. பஸ்ஸில் இரண்டு பேர் உரசிக்கொண்டு நின்றால் போதும். அடைப்பதற்குக் குழாயே இல்லாத தண்ணீரை எப்படி நிறுத்துவது? போனைத்தான் பிடிக்க வேண்டும். பிடித்தார்கள்.

பிடித்த போன் மூன்று நாள் உயிரில்லாமல் கிடந்தால் அதிலுள்ள சிட்டு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அப்படி அழிந்துபோய் முதல் வருஷம் எண்பது வழக்குகள் தள்ளுபடி. அதனால் ஒரு சுற்றறிக்கை வந்தது. தொண்டிப் போன்களைத் தீர்ப்பு வரும்வரை சார்ஜிலேயே வைத்திருக்க வேண்டும். திரையைத் தொடக் கூடாது, தொட்டால் சாட்சியத்தைக் கலைத்த குற்றம். இன்னொரு வழக்கில் ஒருவன் "இது என் போனே இல்லை" என்று சொல்லித் தப்பித்துவிட்டான். அதற்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போனின் சொந்தக்காரர் நேரில் வந்து, தன் போனைக் கண்ணால் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும்.

ஆக, ஒரு காலத்தில் தீக்குச்சி செருகிய மரச் சட்டங்கள் காய்ந்த அலமாரிகளில் இப்போது போன்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கின்றன. மழை பெய்தால் இன்னும் மருந்து வாசனை வரும். செவ்வாய்க்கிழமை காலையில் வெளியே பெரிய வரிசை நிற்கும்.

பாக்கியத்தாய் அந்த வரிசையில் எப்போதும் முதல் ஆள்.

அவள் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவள். நாற்பத்தாறு வயது, பார்த்தால் அறுபது. அவளுடைய போனின் எண் 2306. ஒரே மகள் துர்க்கா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய் ஒன்றரை வருஷம். எங்கே இருக்கிறாளோ, அங்கேயே போய் வெட்டிவிட்டு வருவேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான் மூத்த மகன். சொல்வதோடு நிற்கிறவனும் இல்லை, ஏற்கெனவே ஒரு அடிதடி வழக்கு இருக்கிறது. அம்மாவின் வீட்டுப் போனைத் தினமும் அவன் பார்ப்பான். சிட்டில் நம்பர் கிடையாது, எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அதனால் ஆலையில் மறைத்து வைத்திருந்த இந்தப் போனுக்கு, சிட்டில் மட்டும்தான் துர்க்கா பேசுவாள். இருக்கும் ஊரைச் சொல்ல மாட்டாள். அம்மாவும் கேட்க மாட்டாள். தெரியாததை அடித்தாலும் சொல்ல முடியாது அல்லவா?

"எம்மக 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டா. அந்நேரம் பார்த்துத்தான் ஆலைக்குள்ள வந்து புடிச்சாக" என்று முதல் வாரமே சொன்னாள்.

போனைத் தொடக் கூடாது என்றுதான் சுற்றறிக்கை சொல்கிறது. பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. செய்தி வந்தால் பூட்டிய திரையில் முதல் வரி மட்டும் தெரியும். அலமாரிகளுக்கிடையே நடக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிச்சம் விழும். முதலில் கண்டுகொள்ளாமல்தான் இருந்தேன். பிறகு 2306 பக்கம் போனால் கால் தானாக நின்றது. 'அம்மா இன்னிக்கு இங்க மழை.' 'அண்ணன் இன்னும் கோவமாத்தான் இருக்கானா?' 'ஏம்மா பதிலே போட மாட்டேங்குற?'

"இன்னிக்கு என்னம்மா போட்டிருக்கா?" என்பாள் பாக்கியத்தாய், கையெழுத்துப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"மழையாம்."

"குடை வச்சிருப்பாளா?"

"முதல் வரிதான் தெரியும் பாக்கியம். குடை இரண்டாவது வரியிலே இருக்கும்."

சிரிப்பாள். போன் தன் கையில் இல்லை என்று மகளுக்குச் சொல்ல வழி இல்லை. சிட்டில் ஒருவருடைய முகவரி அந்த ஒரு போனோடு கட்டிப் போட்டது, வேறு போனிலிருந்து அவள் பேரில் பேச முடியாது. திறந்து பார்க்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தாள். இரண்டு வாய்தா ஆகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் 2306-இல் வெளிச்சம் விழுந்தது. 'அம்மா டாக்டர்கிட்ட போனேன், எனக்கு…'

அவ்வளவுதான். வரி அங்கேயே முடிந்துவிட்டது.

மறுநாள் அதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை, சொல்லிவிட்டேன். பாக்கியத்தாய் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்குன்னா என்னத்தம்மா எனக்கு? நோவா? இல்லெ, முழுகாம இருக்காளா? சின்னதுல இருந்தே அவளுக்கு மூச்சு இழுக்கும்மா."

"தெரியலை பாக்கியம்."

"ஒரே ஒரு தடவ தொட்டுப் பாருங்க தாயி."

"என்னாலே முடியாது. பென்ஷன் போயிரும்."

வெட்கத்தோடுதான் சொன்னேன். ஆனால் சொன்னேன். பின்னால் வரிசையில் ஆள்கள் முனகத் தொடங்கியதும் அவள் நகர்ந்துகொண்டாள்.

அந்த வாரம்தான் தலைமையகத்திலிருந்து தாட்சாயணி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, பொறியாளர். ஒரு கையில் டேப்லெட், இன்னொரு கையில் டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி. ரெய்டுக்குப் போகும் அணி, சிட்டு இருக்கும் போனைக் கண்டுபிடிக்க எடுத்துப் போகும் மோப்பப் பெட்டிதான் அது. நாலு நாள் வெயிலில் ஊரெல்லாம் அலைந்துவிட்டு, தண்ணீர் குடிக்கக் கிடங்குக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டம்மா, மாநிலத்திலேயே சிட்டு அதிகம் ஓடுற இடம் உங்க ஊர்தான், தெரியுமா?" என்று டேப்லெட்டைக் காட்டினாள். வரைபடத்தில் கோவில்பட்டி மேல் சிவப்பாக ஒரு திட்டு, அடிபட்டு வீங்கியதுபோல. "போன வருஷம் இத்துனூண்டு. மூணு ரெய்டு போனாங்க, பெரிசாச்சு. இந்த மாசம் மட்டும் பதினொண்ணு. இன்னும் பெரிசாயிடுச்சு. தீப்பெட்டி ஆலை ஆலையாப் போய்ப் பொம்பளைங்க போனை எல்லாம் பிடுங்கியாச்சு. ஊர்ல இனிமே யார்கிட்டயும் சிட்டே இருக்கக் கூடாது. ஆனா இருக்கு."

தண்ணீரைக் குடித்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அலமாரிகளைப் பார்த்தாள். எழுந்து அவற்றினூடே நடந்தாள். பெட்டியில் எண்கள் ஏறிக்கொண்டே போயின.

"இதையெல்லாம் சிக்னலைத் தடுக்கிற பையிலேதானே வச்சிருக்கணும்?"

"பையிலேதான் இருக்கு மேடம்."

ஒரு பையைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளி நிறத் துணிப் பை, சொந்தக்காரர் போனைப் பார்க்க முன்பக்கம் மெல்லிய கண்ணாடித் தாள் வைத்தது. அதன் நாலு பக்கமும் வரிசையாக ஓட்டைகள்.

"இது என்ன?"

"பைக்குள்ளே வச்சு சார்ஜ் போட்டா போன் கொதிக்குது மேடம். இரண்டு போன் உப்பிப்போச்சு. தீப்பெட்டிக் கிடங்கு, காத்தோட்டம் இல்லாம எதையும் வைக்கக் கூடாதுன்னு தீயணைப்பிலே இருந்து எழுதிட்டாங்க. அதான் தையல்காரரிடம் கொடுத்துப் பைக்குப் பன்னிரண்டு ஓட்டை போட்டோம். நானேதான் நின்னு போட வச்சேன்."

தாட்சாயணி பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், சிரிக்கக்கூடத் தெம்பு இல்லாதவள்போல.

"நாலாயிரம் போன், இருபத்திநாலு மணி நேரமும் உயிரோட, ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டு. சிட்டைக் கண்டுபிடிச்சவனாலகூட இப்படி ஒரு இடம் கட்ட முடியாது ஏட்டம்மா. அரசாங்கம் கரண்ட் கொடுத்து, காவலும் போட்டு வச்சிருக்கு."

"ஆனா இதெல்லாம் இங்கேதானே கிடக்கு? உள்ளே வர்றதும் வெளியே போறதும் எப்படி?"

அவள் மடியிலிருந்த பெட்டியைத் தட்டினாள். "இதுதான் தபால்காரர். ரெய்டு முடிஞ்சதும் எங்கே வைக்கிறீங்க?"

"இங்கேதான். சார்ஜ் போடணும்ல."

"ஒரு போன்ல சிட்டு இருக்கான்னு வெளியே இருந்து தெரியாது. அடுத்தவங்க செய்தியைக் கடத்தும்போது அது மூச்சு விடாது. தனக்கே ஒரு செய்தி வந்தா மட்டும் 'கிடைச்சுது'ன்னு ஒரு பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் பெட்டி பிடிக்குது. அப்படின்னா பெட்டிக்குள்ளேயும் சிட்டு ஓடணும், செய்திகளைச் சுமந்துக்கிட்டுப் போகணும், கொடுத்துப் பார்க்கணும். யார் வாங்குறாங்களோ அவங்க அகப்பட்டாங்க. பைபாஸ்ல நின்னா லாரிக்காரங்க போன்லே இருந்து எல்லா ஊர்ச் செய்தியும் பெட்டிக்குள்ளே வரும். பெட்டி இங்கே வரும். இங்கே இருந்து திரும்பப் போகும்."

"அப்போ பெட்டியை நிறுத்திட்டா?"

"அப்புறம் எதை வச்சுப் பிடிக்கிறது?"

அவளுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். மின்விசிறி கடகடத்தது.

"உண்மையைச் சொல்லட்டுமா?" என்றாள். "சும்மா விட்டிருந்தா ரெண்டு வருஷத்துல ஜனங்களுக்கே அலுத்துப்போய் வேற எதுக்காவது போயிருப்பாங்க. அதுக்கு முன்னாடி வந்த எல்லாம் அப்படித்தானே போச்சு? இதை மட்டும் நாம சாகவிடாம வச்சிருக்கோம்."

"சும்மா விட்டா இன்னும் இரண்டு பேரை அடிச்சுக் கொல்லுவாங்க மேடம். நான் பார்த்திருக்கேன்."

அவள் டேப்லெட்டை அணைத்தாள். "அதுவும் நிஜம்தான்" என்றாள்.

அறிக்கை எழுதத்தான் போகிறேன் என்றாள். கிடங்கின் கரண்டை நிறுத்த வேண்டும் என்று சிபாரிசு. பத்து நாளில் உத்தரவு வந்துவிடுமாம். இந்த ஊரில் ரெய்டும் நிற்கும். எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் இருந்திருக்க வேண்டும். எத்தனை பெண்களை ஆலையிலிருந்து இழுத்து வந்து வரிசையில் நிற்க வைத்திருக்கிறோம்.

"கரண்டை நிறுத்தினா மூணாவது நாள் எல்லாம் அழிஞ்சிருமே. அதுக்கப்புறம் இந்தப் போனுக்கு யாராவது ஏதாவது அனுப்பினா?" என்று கேட்டேன்.

"வாங்க ஆள் இல்லாம கொஞ்ச நாள் சுத்தும். அப்புறம் அதுவும் அழிஞ்சிரும்" என்றாள், என்னை ஒருமாதிரி பார்த்தபடி.

அடுத்த செவ்வாய்க்குள் 2306-இல் இன்னொரு வரி வந்திருந்தது. 'இதுக்கும் பதில் வரலேன்னா நீயும்…'

பாக்கியத்தாயிடம் நான் அதைச் சொல்லவில்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு, "ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்திலே பின்பக்கமா வா" என்றேன். காவலுக்கு இருக்கிறவர் அந்த நேரத்தில் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார்.

வந்தாள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள், கோயிலுக்குள் வருவதுபோல. 2306-ஐப் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தொண்டிப் பொருளைக்கூட நான் கலைத்ததில்லை.

"கட்டை விரலை வச்சா திறக்குமா?" என்றேன்.

"திறக்காதும்மா. பசையும் தாளும் தேய்ச்சு ரேகையே அழிஞ்சுபோச்சு. எம்மக கெட்டிக்காரி, சுண்டு விரல வச்சுக் கொடுத்திருக்கா" என்று சுண்டு விரலை வைத்தாள். திறந்துகொண்டது.

அவளுக்கு வாசிக்கக் கண் தெரியவில்லை. நான்தான் வாசித்தேன். 'அம்மா டாக்டர்கிட்ட போனேன், எனக்கு அஞ்சு மாசம். பாப்பா நல்லா இருக்காம். மூச்சு இழுப்புக்கு மருந்து குடுத்திருக்காங்க. உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன்.' அடுத்தது: 'இதுக்கும் பதில் வரலேன்னா நீயும் அண்ணன் பக்கந்தான்னு நெனச்சுக்குறேன். இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்.'

பாக்கியத்தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சத்தம் வெளியே போகக் கூடாது என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

"சொல்லு, நான் எழுதுறேன்" என்றேன்.

அவள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன். 'போன போலீஸ்ல புடிச்சுட்டாக. அதான் பதில் போடல. நான் என்னைக்கும் உன் பக்கந்தான். பாரம் தூக்காத. வெறும் வயித்துல மாத்திரை போடாத. எங்க இருக்கன்னு மட்டும் யாருக்கும் சொல்லாத, எனக்கும் சொல்லாத.'

அனுப்பினோம். அவள் போனபின் அணியின் மோப்பப் பெட்டியை எடுத்து வந்து 2306-க்குப் பக்கத்திலேயே சார்ஜில் போட்டேன். பைபாஸில் ஏதாவது ஒரு லாரியில் ஏறிப் போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. தாட்சாயணி அவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருந்தாள். என் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க நான் தயாராக இல்லை.

பத்து நாளில் உத்தரவு வந்தது. அதை வாசித்துக் காட்ட இன்ஸ்பெக்டர் குணசீலன் கிடங்குக்கே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வயிற்றுப் புண், மாதம் பதினொரு ரெய்டு, மோர் தவிர எதுவும் இறங்காது.

"தாட்சாயணி மேடம் அறிக்கையைத் திருப்பி அனுப்பிட்டாங்க, மறுபரிசீலனைக்குன்னு. நம்ம கிடங்கை நாமே ரெய்டு பண்ண முடியுமா ஏட்டம்மா? எஃப்.ஐ.ஆர்.ல முதல் குற்றவாளின்னு உங்க பேரைப் போடவா, என் பேரைப் போடவா? நாலாயிரம் வழக்கும் சரிஞ்சிரும்னு மேலே பயப்படுறாங்க. கரண்டை நிறுத்தக் கூடாதாம்."

"ரெய்டு சார்?"

"இங்கே நிறுத்தியாச்சு. கோவில்பட்டி அணி இவ்வளவு பிடிச்சிருக்கு, ரொம்பத் திறமையான அணின்னு பாராட்டி எங்களைத் திருப்பூருக்கு அனுப்புறாங்க, மூணு வாரம். அங்கே பிடிக்கிறதும் இங்கேதான் வரும். பிடிச்ச அணியோட கிடங்குக்குத்தான் வரணும்னு விதி." மோர்ப் பாட்டிலை மூடினார். "பனியன் கம்பெனி எல்லாம் ஏறி இறங்கணும். முடியலை ஏட்டம்மா."

தாட்சாயணி போவதற்கு முன் என்னிடம் விடைபெற வந்தாள். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"போன செவ்வாய் மத்தியானம் 2306 பதினாறு நிமிஷம் திறந்திருந்ததா என் பதிவுல காட்டுது. எலி ஏறி மிதிச்சிருக்கும்னு எழுதிட்டேன். இங்கே எலி உண்டுதானே?"

"நிறைய உண்டு மேடம்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து அணி திரும்பி வந்தது. அட்டைப் பெட்டிகளில், திருப்பூரிலேயே இரண்டு நாளுக்கொரு முறை சார்ஜ் ஏற்றி வைத்திருந்த இருநூற்று எழுபத்தைந்து போன்கள். வரைபடத்தில் இப்போது திருப்பூரும் சிவந்துவிட்டது என்று குணசீலன் சொன்னார். நான் ஒவ்வொன்றாக எடுத்து, எண் ஒட்டி, சார்ஜில் மாட்டி, அலமாரியில் வைத்துக்கொண்டு வந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு 4301-ஐ மாட்டினேன். மஞ்சள் உறை போட்ட பழைய போன். உயிர் வந்ததும் திரையில் ஒரு வரி தெரிந்தது.

'போன போலீஸ்ல புடிச்சுட்டாக. அதான்…'

நான் எழுதிய வரி.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தனக்கே வந்த செய்தி. வாங்கிக்கொண்டு 'கிடைச்சுது' என்று அந்தப் போன் சொல்லியிருக்கிறது. பெட்டி கேட்டிருக்கிறது. ஒன்றரை வருஷமாக மூச்சு விடாமல் இருந்த பெண்ணை அம்மாவின் பதில் காட்டிக் கொடுத்துவிட்டது. அம்மாவின் பதிலா? எழுதியதும் நான், பெட்டியைப் பக்கத்தில் வைத்ததும் நான். மகள் செய்தியால் அம்மா போன் பிடிபட்டதை அவள் வாயாலேயே கேட்டவளும் நான்தான்.

கூட இருந்த தாளைப் பார்த்தேன். துர்க்கா, வயது இருபத்திரண்டு, பனியன் கம்பெனியில் வேலை. கணவன் பெயர், தெருப் பெயர், வீட்டு எண், எல்லாம் தெளிவாக இருந்தது. பாக்கியத்தாய் கேட்காமல் விட்ட முகவரி.

அடுத்த செவ்வாய் கையெழுத்துக்கு வர வேண்டியவர்களின் பட்டியலைப் பெயரும் முகவரியுமாக எழுதி, சனிக்கிழமை மாலையே கிடங்கின் கேட்டில் ஒட்ட வேண்டும். ஊரே நின்று படிக்கும். மூத்தவனும் அந்த வழியாகத்தான் லோடு ஏற்றப் போவான்.

பட்டியலை எழுதி, கோப்பில் வைத்து மூடினேன். கேட்டில் ஒட்டவில்லை. குணசீலன் கேட்டால் பசை தீர்ந்துவிட்டது என்று சொல்ல இருந்தேன். தீப்பெட்டி ஆலையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் கேட்கவே இல்லை.

உள்ளூர்க்காரர்களுக்குக் காலை பத்து மணி, வெளியூர்க்காரர்களுக்கு மாலை மூன்று மணி என்பது நடைமுறை. வெளியூர்க்காரர்கள் எல்லாருக்கும் மூன்று என்று அழைப்பு எழுதினேன். 4301-க்கு மட்டும் பத்து என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை பாக்கியத்தாய் வழக்கம்போல முதல் ஆளாக வந்தாள். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. பதில் வந்ததா என்று கேட்டாள். "கொஞ்சம் ஓரமா நில்லு, உன் பதிவேட்டுப் பக்கத்தைத் தேடணும்" என்றேன்.

பத்தேகாலுக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. முகமெல்லாம் கோபம், அதற்கு அடியில் பயம். இரவெல்லாம் பஸ்ஸில் வந்திருக்கிறாள், தலை கலைந்திருந்தது. கணவனாக இருக்க வேண்டும், ஒரு பையன் கேட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்த்தபடி நின்றான்.

"4301. எங்கே கையெழுத்துப் போடணும்? யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யல. எப்படித்தான் என் போனைக் கண்டுபுடிச்சீங்க?" என்றாள் என்னிடம்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்னாலேதான்மா" என்றேன்.

அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்கும் முன் ஓரமாக நின்றிருந்த பாக்கியத்தாய் முன்னால் வந்துவிட்டாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஏதோ நடக்கப் போகிறது என்று பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கட்டிப்பிடித்து அழவில்லை. பாக்கியத்தாய் ரேகை அழிந்த கையால் மகளின் கலைந்த தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

துர்க்கா தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. வாய் கோணிக்கொண்டு வந்தது. பாக்கியத்தாய் தூக்குவாளியைத் திறந்து, என் மேஜையின் ஓரத்திலேயே வைத்து, தண்ணிச் சோற்றைப் பிசைந்து கொடுக்கத் தொடங்கினாள். அரசாங்க மேஜையில் சாப்பிடக் கூடாது. நான் பதிவேட்டைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுத்தேன்.

சாப்பிட்டு முடித்து இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். துர்க்கா பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தக் கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது.

"இன்னும் எத்தனை தடவை வரணும்?"

"கேஸ் முடியிற வரைக்கும் ஒவ்வொரு செவ்வாயும் வரணும்மா. வராம இருந்தா வாரண்ட்."

"எப்ப முடியும்?"

நாலாயிரத்துச் சொச்சம் வழக்கு, ஒரே ஒரு நீதிமன்றம். அவளுடைய வயிற்றைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"மூணு வருஷம் ஆகும். நாலுகூட ஆகலாம்."

துர்க்கா அம்மாவைப் பார்த்தாள். பாக்கியத்தாய் தூக்குவாளியை மூடி, அடுத்த வாரம் எதில் கொண்டுவரலாம் என்று யோசிப்பவள்போல அதன் அளவைப் பார்த்தாள்.

"ஆகட்டும்" என்றாள்.